பியூலாவோடு ஓடியவன்

ஆடிக் காற்று உப்பளங்களின் மேலிருந்து வெள்ளைப் புழுதியை வாரி ஊருக்குள் இறைத்துக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில், தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஜெபசிங் தண்ணீர் குடிக்க நின்றான். கூட ஓடிவந்த அவனுடைய மனைவி பியூலாவால் நிற்க முடியவில்லை. நடந்தது அவ்வளவுதான். அதற்கு முன்னால் வானத்தில் எந்த அடையாளமும் தெரியவில்லை, அவளுக்குக் காய்ச்சல் இல்லை, முந்தின நாள் வீட்டில் சண்டையும் இல்லை. அவன் பாட்டிலை நீட்டியபோது அவள் வாங்காமல் அவனைச் சுற்றி ஒரு வட்டம் ஓடினாள், பிறகு இன்னொரு வட்டம் ஓடினாள்.

"நிக்க வரமாட்டேங்குது அத்தான்."

"வெளையாடாத. எனக்கு மூச்சு வாங்குது."

"வெளையாடல. நான் சொல்லுறத காலு கேக்க மாட்டேங்குது."

அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்று இருவரும் நினைத்தார்கள். வீடு வந்தது. அவன் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். அவள் வாசலைத் தாண்டி உள்ளே ஓடி, அடுக்களை வழியாகப் புறவாசலில் இறங்கி, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி மறுபடியும் முன்வாசலுக்கு வந்தாள். அப்படி மூன்றாவது தடவை வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

அவர்கள் ஓடத் தொடங்கியதற்குக் காரணம் ஜெபசிங்கின் சர்க்கரை. உப்பு லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் காலையிலிருந்து சாயந்திரம்வரை நாற்காலியில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறவன் அவன். பியூலா பெரிய ஜவுளிக்கடை ஒன்றில், சேலைப் பிரிவில், இருபது வருஷத்துக்கு மேலாகக் காலையிலிருந்து சாயந்திரம்வரை நின்றுகொண்டே இருந்தவள். கடையில் வேலைபார்க்கும் பெண்கள் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் வந்து பக்கத்தில் நிற்பார், ஒன்றும் சொல்லமாட்டார், அவர்கள் எழுந்துவிடுவார்கள். ஆக, உட்கார்ந்தே இருந்த ஒருவனும் நின்றே இருந்த ஒருத்தியும் சாயந்திரமானால் ஒரே வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஜெபம் பண்ணி, படுத்தார்கள். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிப் பேசி முடித்தும் பல வருஷங்கள் ஆகிவிட்டன, அதன்பிறகு பேசுவதற்கு வேறெதுவும் பெரிதாகக் கிடைக்கவில்லை.

நடந்தால் மட்டும் போதாது, வியர்க்க ஓட வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பியூலாதான் வாசித்தாள். பொங்கல் கழிந்து நடக்கப்போகும் மாரத்தான், அதில் தம்பதியர் பிரிவு என்று ஒன்று. நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் சேர்ந்தே ஓடி, எல்லைக்கோட்டைக் கைகோத்துத் தாண்ட வேண்டும். "நம்மளும் ஓடுவமா அத்தான்?" என்று அவள் கேட்டபோது அவளுடைய குரலில் ஜெபசிங் அதுவரை கேட்டிராத ஒரு கூச்சம் இருந்தது, பெண்பார்க்கப் போன அன்றைக்குக்கூட அவளிடம் அப்படி ஒரு கூச்சம் இருக்கவில்லை, அதனால்தான் அவன் சரியென்றான்.

பியூலா நிற்காமல் ஓடுகிறாள் என்ற செய்தி அன்றைக்கு வெயில் ஏறுவதற்குள் தெருவெல்லாம் பரவியது. எதிர்வீட்டு மரியபுஷ்பம் தலைமையில் நாலைந்து பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, அவள் சந்து திரும்பும் இடத்தில் மறித்து, இடுப்பைப் பிடித்து, தோளைப் பிடித்து, தரையிலிருந்து தூக்கிவிட்டார்கள். தூக்கியபிறகும் கால்கள் காற்றில் ஓடின. அவள் கண்கள் மேலே செருகின, உதடு நீலம் பாரித்தது, நெஞ்சில் மூச்சு இல்லை. "விடுங்கட்டி, செத்துருவா! விடுங்க!" என்று மரியபுஷ்பம்தான் கத்தினாள். பாதம் மண்ணில் பட்டதும் மூச்சு வந்தது; வந்த மூச்சோடு அவள் போய்விட்டாள். அதற்குப்பிறகு அவளை நிறுத்தவேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. டாக்டர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து கூடவே போய், குழாயை அவள் முதுகில் வைத்துக் கேட்டுவிட்டு, இருதயம் தூங்குகிற பிள்ளைக்கு அடிக்கிற மாதிரி அடிக்கிறது, மருந்து எழுத ஒன்றுமில்லை என்றார்.

ஊர் என்ன செய்யும்? ஊருக்கு உலை வைக்க வேண்டியிருந்தது, வலை பிரிக்க வேண்டியிருந்தது, உப்பு வார வேண்டியிருந்தது; அந்த வேலைகளுக்கு நடுவே பியூலாவுக்கும் ஓர் இடம் போட்டுக் கொடுத்தது. எந்த வீட்டில் காலைக்குக் கஞ்சி, எந்த வீட்டில் மத்தியானத்துக்குச் சோற்று உருண்டை என்று பெண்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, வாசலில் நின்று ஓடுகிறவள் கையில் கொடுத்தார்கள். குளிக்க வேண்டுமென்றால் போர்வைகளைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நான்குபேர் கூட ஓட, காம்பவுண்டுச் சுவர்களின் மேலிருந்து மற்றவர்கள் வாளியால் ஊற்றினார்கள். ரேஷன் கடைக்காரர் கைரேகை மெஷினைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினார். போதகர் ஐயா பைக்கின் பின்னால் உட்கார்ந்து திருவிருந்து அப்பமும் திராட்சரசமும் கொடுத்தார், ரசம் பாதி அவருடைய அங்கியில் சிந்தியது. கண் மூடித் தூங்கியபடி அவள் ஓடும் நேரங்களில் ஆட்டோக்காரர்கள் முறைவைத்துப் பின்னால் மெதுவாக வந்தார்கள். தெருநாய்கள் ஒரு வாரம் குரைத்து, பிறகு தலையைத் தூக்கிப் பார்ப்பதையும் விட்டுவிட்டன. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும் தாய்மார்கள், "பியூலாக்கா போயாச்சு, இன்னும் பல் விளக்கலயா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஜவுளிக்கடையில் முதலில் அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஊரே அவளைப் பார்க்கிறது என்று தெரிந்ததும், தீபாவளிக்குக் கடைப் பெயர் அச்சடித்த பனியன் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். அவள் அதை மரியாதையாக வாங்கி, ஓட்டத்திலேயே உப்புப் பாத்திக்குள் போட்டுவிட்டுப் போனாள்.

கொஞ்சநாளில் வேறொன்றும் நடந்தது. புருஷனிடம் அடிவாங்கிய ஒருத்தி அவளோடு ஒரு தெரு நீளம் ஓடிப்போய் அதைச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். திரும்பும்போது முகம் தெளிந்திருந்தது. பிறகு மகன் கடலில் போன ஒருத்தி ஓடினாள், பிறகு மார்பில் கட்டி இருப்பதை வீட்டில் சொல்லாத ஒருத்தி ஓடினாள். நின்று பதில் சொல்லாதவளிடம், திரும்பி வந்து விசாரிக்காதவளிடம், எதையும் சொல்லலாம்போல இருந்தது அவர்களுக்கு. பியூலா கேட்டுக்கொண்டே ஓடினாள். ஊர் முழுவதன் பாரமும் அவளிடம் சேர்ந்தது, அவளோ நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போனாள்.

எல்லாருக்கும் பழகிவிட்டது, ஜெபசிங்குக்குத்தான் பழகவில்லை. வீட்டில் அவளுடைய தலையணை உப்பிப்போய்க் கிடந்தது. உப்பு எந்த டப்பாவில் இருக்கிறதென்று தெரியவில்லை. உப்பளத்து ஊரில், உப்பு லாரியை நிறுக்கிறவன், உப்பில்லாமல் சாப்பிட்டான். மனைவியோடு இருக்க வேண்டுமென்றால் அவளோடு ஓட வேண்டும். மூச்சு எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவு நேரம்தான் அவனுக்கு மனைவி. முதலில் மூச்சு இரண்டு தெருவுக்குத்தான் வந்தது.

"கேஸ் புக்கு எங்க?"

"அரிசி டப்பாவுக்குப் பின்னால. நேத்து என்ன ஆக்குனீங்க?"

"ரசம்."

"அதுக்கு முந்தின நாளும் ரசந்தான்னு மரியபுஷ்பம் சொன்னா."

இவ்வளவு பேசுவதற்குள் அவனுக்கு நெஞ்சு அடைத்துவிடும். முழங்காலைப் பிடித்தபடி அவன் நின்றுவிட, அவள் முதுகு சிறியதாகிக்கொண்டே போகும். அப்படி ஒருநாள் நின்றபோதுதான் அவன் மறுபடியும் ஓடிப் பழகுவது என்று முடிவெடுத்தான். எடைமேடைக்குப் போகும்முன் ஓடினான், வந்தபின் ஓடினான், காலில் கொப்புளம் வெடித்து ஆறி மறுபடி கொப்புளம் வந்தது. இரண்டு தெருவுக்கு வந்த மூச்சு மார்க்கெட்வரை வந்தது, மார்க்கெட்வரை வந்தது கடற்கரைவரை வந்தது. பேச்சும் அதற்கேற்ப நீண்டது. கேஸ் புத்தகமும் கரண்ட் பில்லும் கடந்து, கலியாணமான புதிதில் எடுத்த வாடகை வீட்டின் ஒழுகும் கூரையைக் கடந்து, ஒருநாள் கடற்கரைச் சாலையில் அவள் தானாகச் சொன்னாள்:

"கடையில நிக்கும்போது மனசுக்குள்ள எங்கயாவது போய்க்கிட்டே இருப்பேன் அத்தான். கை சேலைய விரிச்சுப் போடும், வாய் வெல சொல்லும், நான் மட்டும் போய்க்கிட்டே இருப்பேன்."

"எங்க போவ?"

"எடம்லாம் கிடையாது. ரோடுதான். ரெண்டு பக்கமும் ஒண்ணுமில்லாத ரோடு."

"எங்கிட்ட ஒருநா சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் வருவேன். அதுக்குள்ள தூங்கிருப்பீங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. பதில் சொல்ல வாயெடுத்தான், மூச்சு தீர்ந்துவிட்டது.

அவனுடைய அக்கா ரத்னபாய் நாசரேத்திலிருந்து வந்து நான்குநாள் தங்கினாள். வாசலில் உட்கார்ந்து, தம்பி மனைவி போவதையும் வருவதையும் பார்த்தாள், பிறகு அவனைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "எப்ப வருவான்னு ரோட்டப் பாத்துட்டு நிக்கியே, அவ ஒனக்குப் பொண்டாட்டியா, பஸ்ஸாடே? ஒனக்கும் வயசு போவுது. ஒரு வாய் சோறு ஆக்கிப்போட ஆள் வேண்டாமா? சபையில பேசி ஒரு முடிவு எடு." அவன் காலுறையை மாட்டிக்கொண்டு இறங்கிப்போனான். அன்றைக்கு அவன் முதல்முறையாக ஊரின் எல்லைவரை அவளோடு ஓடினான், அக்கா சொன்னதை மட்டும் சொல்லவில்லை. ஆனால் ஊரில் யாரோ சொல்லியிருந்தார்கள். "மதினி சொல்லுறதுலயும் தப்பில்ல" என்று பியூலா மெதுவாகச் சொன்னாள். "வாய மூடிட்டு ஓடுட்டி" என்றான் அவன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது வட்டம் பெரிதாகத் தொடங்கியது. அவளாக அதைப் பெரிதாக்கவில்லை, கால்கள்தான் முனையில் திரும்பாமல் நேராகப் போயின. முதலில் தெருவைச் சுற்றியவள், பிறகு ஊரைச் சுற்றியவள், இப்போது திருச்செந்தூர்ச் சாலையில் இறங்கி ஆறுமுகநேரிப் பக்கம் போய் வந்தாள். காலையும் மாலையும் தெருவில் வந்தவள் நாளுக்கு ஒருதரம் வந்தாள், பிறகு அதுவும் இல்லை. உப்பளங்கள் எல்லாம் மழைநீரில் மூழ்கி ஒரே ஏரியாகக் கிடக்க, நடுவில் கருப்பாக நீண்ட சாலையில் அவள் தூரத்தில் ஒரு புள்ளியாக வருவதை ஜெபசிங் எடைமேடையிலிருந்து பார்ப்பான். சீட்டை அப்படியே போட்டுவிட்டு இறங்கி ஓடுவான். செருப்பு, ஷூ எல்லாம் தேய்ந்து அவள் வெறுங்காலில் வந்தாள். கழுத்தெலும்பில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. கண்கள் மட்டும் ஈரமாக, பெரிதாக, எதையோ முன்னால் பார்த்தபடி இருந்தன.

"வலிக்குதா பியூலா?"

"இல்லத்தான். அதுதான் பயமா இருக்கு."

மாரத்தான் ஓட்டத்திற்குப் பழகும்போதுதானே வந்தது, அந்த ஓட்டம் முடிந்தால் இதுவும் முடிந்துவிடும் என்ற பேச்சை யார் முதலில் தொடங்கினார்கள் என்று தெரியாது. மார்கழிக்குள் ஊரே அதை நம்பியது. கைகோத்து அந்தக் கோட்டைத் தாண்டினால் கால் நிற்கும். தேவாலயத்தில் அதற்காக ஜெபம் பண்ணினார்கள், கோவிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்தார்கள், தர்காவில் ஒருத்தி நேர்ந்துகொண்டாள். மாரத்தான் நடத்துகிறவர்களிடம் மரியபுஷ்பம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், பியூலாவால் மற்றவர்களைப்போலத் தொடக்கத்தில் வந்து நிற்க முடியாது, வருகிறபோது வருவாள், அப்போதுதான் துப்பாக்கி வெடிக்க வேண்டும் என்று சொல்ல, அவர்களும் அதிசயப்படாமல் ஒத்துக்கொண்டார்கள். ஜெபசிங் ஓடினான். சர்க்கரை இறங்கியது, இடுப்பு இறங்கியது, எடைமேடை முதலாளிக்கே அவனை அடையாளம் தெரியவில்லை. நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் அவளோடு இருக்க அவனுக்கு மூச்சு வேண்டியிருந்தது, வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அந்த நாள் விடிந்தபோது ஓடுகிறவர்கள் எல்லாரும் கடற்கரைச் சாலையில் திரண்டு, முகத்தைத் தென்பக்கம் திருப்பிக் காத்திருந்தார்கள். வெயில் வந்தபிறகுதான் அவள் தெரிந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் ஜெபசிங்கின் பக்கத்தில் வந்த நொடியில் துப்பாக்கி வெடித்தது.

அவர்கள் பேசிக்கொண்டே ஓடினார்கள். அவன் அவள் வேலைபார்த்த கடையைப் பற்றிக் கேட்டான், அவளுடைய அம்மாவைப் பற்றிக் கேட்டான், அவளுக்குப் பிடிக்காத வாசனை எது என்று கேட்டான். சாம்பிராணி என்றாள், அதுவரை அவனுக்கு அது தெரியாது. பிறக்காத பிள்ளைக்கு ஒரு பெயர் வைத்திருந்ததாகச் சொன்னாள், சொல்லிவிட்டு, பெயரைச் சொல்லமாட்டேன் என்றாள். அவன் வற்புறுத்தவில்லை. வழியெல்லாம் ஊர் நின்றது, அவளிடம் துயரத்தைச் சொல்லியிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். பாதிக்குப் பிறகு அவனுக்குப் பேச்சு போய்விட்டது, அவள் பேசினாள். கடைசியில் அவளும் நிறுத்திக்கொண்டாள், நான்கு பாதங்களின் ஓசை மட்டும் இருந்தது. அவன் வாழ்க்கையில் அவ்வளவு நிறைவாக எப்போதும் இருந்ததில்லை, அவ்வளவு பயமாகவும் இருந்ததில்லை.

எல்லைக்கோடு தெரிந்ததும் அவன் கையை நீட்டினான், அவள் பற்றிக்கொண்டாள். உள்ளங்கை காய்ந்து, உப்புச் சாக்கைப்போல இருந்தது. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, இருவரும் கோட்டைத் தாண்டினார்கள்.

பியூலா நிற்கவில்லை.

பதக்கம் வைத்திருந்த மேசையைத் தாண்டினார்கள், பந்தலைத் தாண்டினார்கள், யாரோ ஒருத்தி ஓவென்று அழுத சத்தத்தைத் தாண்டினார்கள். கடற்கரைச் சாலை முடிந்து, வடக்கே போகும் பெரிய சாலை தொடங்கும் இடம்வரை அவன் கையை விடாமல் ஓடினான்.

"கைய விடுங்கத்தான்."

"மாட்டேன்."

"ஒங்க காலு நிக்கும். நிக்கட்டும்."

"நானும் வாறேன்டி. எங்க போனாலும் வாறேன்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை மாதங்களில் ஓடும்போது அவள் அப்படி முழுசாகத் திரும்பிப் பார்த்தது கிடையாது. "வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றாள். "ஆனா முடியாதுல்ல."

அவன் இன்னும் கொஞ்சதூரம் ஓடினான். தொடை கல்லாக இறுகியிருந்தது, கண் இருட்டியது, உடம்பின் ஒவ்வொரு எலும்பும் நில் நில் என்றது. நிற்க வேண்டும் என்ற ஆசை, தாகத்தைப்போல, தூக்கத்தைப்போல, அவனுக்குள் எழுந்தது. வியர்வையில் கை வழுக்கிவிட்டது என்றுதான் பிறகு ஊரில் சொன்னான். வழுக்கவில்லை. அவன் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன, திறப்பதை அவனே பார்த்தான். அவள் போனாள். அவன் சாலையின் நடுவில் நின்றுவிட்டான். நின்றது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை நினைத்துத்தான் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

அதற்குப்பிறகு அவள் தூத்துக்குடிக்கு வரவில்லை. ஒரு மாதம் பெண்கள் கஞ்சி வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள், பிறகு கஞ்சியைத் தங்கள் பிள்ளைகளுக்கு ஊற்றினார்கள். ஆட்டோக்காரர்கள் சவாரிக்குப் போனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கிளப்பத் தாய்மார்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். சொல்ல முடியாதவற்றை வைத்திருந்த பெண்கள் அவற்றை வைத்துக்கொண்டே இருந்தார்கள். ஜெபசிங் ஓடுவதை விட்டுவிட்டான். சர்க்கரை மெல்ல ஏறியது. அக்கா மறுபடியும் வந்தாள். இந்தமுறை அவள் சமைத்துப் போட்டதோடு சரி, போய்விட்டாள்.

பங்குனி வெயிலில் உப்பு மறுபடி விளைந்து, வடநாட்டுக்கு லோடு போகத் தொடங்கியது. திரும்பிவரும் டிரைவர்களிடம் அவன் விசாரிப்பான். ராமநாதபுரத்துக்கு அந்தப்பக்கம் பார்த்தேன் என்றான் ஒருவன், புதுக்கோட்டைச் சாலையில் பார்த்தேன் என்றான் இன்னொருவன். அந்த ஊர்களிலும் அவளுக்குக் கஞ்சி கொடுத்தார்களாம். பிறகு வெகுநாள் சேதி இல்லை. சித்திரை முடியும்போது சங்கரபாண்டி என்ற டிரைவர் நெல்லூர் தாண்டி அவளைப் பார்த்ததாகச் சொன்னான்.

"எப்படி இருக்கா?"

"மெலிவுதான் அண்ணாச்சி. ஆனா தனியா போவல. கூட ஒரு ஆளு ஓடுச்சு."

ஜெபசிங் பேனாவைச் சீட்டின் மேல் வைத்தான். "ஆம்பளையா, பொம்பளையா?"

"தெரியல. எதிர்வெயில், ஒரே தூசி. பேசிக்கிட்டே போனாங்க. இவங்க என்னமோ சொல்லிச் சிரிச்சாங்க, அது மட்டும் நல்லாத் தெரிஞ்சுது."

"சிரிச்சாளா?"

"ஆமா அண்ணாச்சி. தலய பின்னால சாச்சு."

அவள் அப்படிச் சிரித்து ஜெபசிங் பார்த்ததில்லை. எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான், வரவில்லை. சங்கரபாண்டி டீ குடிக்கப் போனான். வெளியே ஹாரன் அடித்தது. ஜெபசிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அடுத்த லாரி மேடையேறட்டும் என்று கையைக் காட்டினான்.